பழைய பிரிட்டிஷ் பைக்குன்னா கறுப்பு மட்டும்தானா?

பழைய பிரிட்டிஷ் பைக்குன்னாலே நம்ம ஆளுங்க மனசுல ஒரே படம்தான் ஓடும். கறுப்பு டேங்க், ஓரத்துல தங்கக் கோடு, பளபளன்னு கிரோம் சைலன்சர். நாம பார்த்து வளர்ந்த புல்லட் அப்படி இருந்ததால வந்த நினைப்பு அது, தப்பு சொல்ல முடியாது. ஆனா 1938லயே ஃப்ரேம், ஃபோர்க், மட்கார்டு, ரிம்முன்னு மொத்த வண்டிக்கும் சிவப்பு அடிச்சு வித்த கம்பெனி இருக்கு, 1948ல தலையிலருந்து கால் வரைக்கும் வெளிர் பச்சையில ஒரு குட்டி வண்டி வந்திருக்கு, 1959ல ஆரஞ்சு டேங்க் போட்டு விக்க முடியாம முழிச்ச கதையும் இருக்கு. இந்தக் கலர் பைத்தியம் எனக்குக் கொஞ்ச வருஷமா பிடிச்சிருக்கு, வீட்டுல திட்டு வாங்குற அளவுக்கு. அதைத்தான் இன்னைக்குக் கொட்டப்போறேன், பெருசா போகும், டீ போட்டுக்கிட்டு வந்து உட்காருங்க.

வேலை விஷயமா நான் இருக்குறது இங்கிலாந்துல கவன்ட்ரியில. இங்கருந்து பர்மிங்ஹாம் போற வழியில மெரிடன்னு ஒரு ஊரு, அங்கதான் ட்ரையம்ஃப் ஃபேக்டரி இருந்துச்சு, 1983ல மூடிட்டாங்க. இப்போ அந்த இடத்துல வீடுங்க கட்டி தெருவுக்கு பானவில் க்ளோஸ், டேடோனா டிரைவ்னு பேர் வச்சிருக்காங்க. பைக்கோட பேரைத் தெருவுக்கு வச்சுட்டு ஃபேக்டரியை இடிச்சவங்கள என்ன சொல்றது. இந்த சுத்துவட்டாரத்துல பி.எஸ்.ஏ, நார்ட்டன், வெலோசெட், ஏரியல், ராயல் என்ஃபீல்டு, சன்பீம் எல்லாமே ஒரு மணி நேர தூரத்துக்குள்ள இருந்த கம்பெனிங்க. அதனால எந்த ஞாயித்துக்கிழமை வெளிய போனாலும் யாராவது ஒருத்தர் பழைய வண்டியத் துடைச்சு வெயில்ல நிறுத்தியிருப்பாரு, ரெண்டு பேர் பக்கத்துல நின்னு "இந்த ஷேடு கரெக்டா"ன்னு வாக்குவாதம் பண்ணிக்கிட்டு இருப்பாங்க. மூணாவது ஆளா நான் போய் நின்னுக்குவேன்.

முதல்ல கறுப்பையே எடுத்துக்கலாம், ஏன்னா அதுலயும் விஷயம் இருக்கு. வுல்வர்ஹாம்ப்டன்ல ஜான் மார்ஸ்டன்னு ஒருத்தர், அவரோட பழைய தொழில் ஜப்பானிங். அதாவது தகரத் தட்டு, பெட்டி இதுக்கெல்லாம் கறுப்பு வார்னிஷ் பூசி சூட்டு அறையில வச்சு சுட்டு எடுக்குறது, அந்த ஊரே அதுக்குப் பேர் போன ஊரு. அவரு அப்புறம் சைக்கிள் பண்ணாரு, 1912ல சன்பீம் மோட்டார் சைக்கிள் பண்ணாரு. தட்டுக்குப் பூசின கை வண்டிக்குப் பூசினா எப்படி இருக்கும்? சன்பீம் கறுப்பு மாதிரி வேற கறுப்பு கிடையாதுன்னு இன்னிக்கும் சொல்லுவாங்க. மேல தங்க ரேக்கு கோடு வேற. மத்த கம்பெனிங்க கறுப்புக்குப் போனதுக்குக் காரணம் அவ்வளவு கலைநயமெல்லாம் இல்ல, காசுதான். ஒரு பெரிய தொட்டியில கறுப்பு எனாமல் ரொப்பி வச்சா எல்லா மாடல் ஃப்ரேமையும் அதுலயே முக்கி எடுக்கலாம், வடிய விட்டு சூட்டு அறைக்குள்ள தள்ளினா வேலை முடிஞ்சது. சூடு கொஞ்சம் கூடினாலும் குறைஞ்சாலும் கறுப்பு கறுப்பாத்தான் வெளிய வரும். வெள்ளை, க்ரீம் எல்லாம் சூடு ஏறினா மஞ்சளடிச்சுரும்.

எல்லாரும் கறுப்புன்னா எந்தக் கம்பெனி வண்டின்னு எப்படித் தெரியும்? டேங்க்தான் அடையாளம். நார்ட்டன்னா சில்வர் டேங்க், அதுல கறுப்பும் சிவப்புமா கோடு. வெலோசெட்னா கறுப்புல தங்கக் கோடு. இதுல எனக்குப் பிடிச்சது ஏ.ஜே.எஸ்-மாட்ச்லெஸ் கூத்து. ரெண்டும் லண்டன் பிளம்ஸ்டெட்ல ஒரே கூரைக்குக் கீழ தயாரான வண்டிங்க, போருக்கு அப்புறம் வந்த சிங்கிள் சிலிண்டர் மாடல்ல கிட்டத்தட்ட ஒரே வண்டின்னே சொல்லலாம். ஸ்பார்க்குக்குக் கரண்ட் குடுக்குற மேக்னெட்டோ ஒண்ணுல சிலிண்டருக்கு முன்னாடி இருக்கும், இன்னொண்ணுல பின்னாடி இருக்கும். அப்புறம் டேங்க்ல கோடு தங்கமா இருந்தா ஏ.ஜே.எஸ், வெள்ளியா இருந்தா மாட்ச்லெஸ். அவ்ளோதான் வித்தியாசம், ஆனா ஏ.ஜே.எஸ் வச்சிருந்தவன் மாட்ச்லெஸ் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டான், மாட்ச்லெஸ்காரனும் அப்படித்தான். கோட்டு கலரை வச்சு ரெண்டு கட்சி நடத்தியிருக்காங்க பிளம்ஸ்டெட்காரங்க.

இந்தக் கறுப்பு ராஜ்ஜியத்துல கல்லெறிஞ்ச ஆளு எட்வர்ட் டர்னர். ஆளு என்ஜினியர்னு பேரு, ஆனா எனக்கென்னவோ அவரு பாதி ஜவுளிக்கடைக்காரர்னு தோணும், கண்ணுக்கு எது எடுக்கும்னு அப்படி ஒரு கணக்கு அவருக்கு. 1936ல ஜாக் சாங்ஸ்டர் ட்ரையம்ஃப் பைக் கம்பெனிய வாங்கி இவரைப் பொறுப்புல உட்கார வச்சாரு. வந்ததும் புது வண்டியா பண்ணாரு? இல்ல. ஏற்கெனவே இருந்த சிங்கிள் சிலிண்டர் வண்டிங்களையே சீர் பண்ணி, கிரோம் டேங்க், சில்வர் பேனல் எல்லாம் போட்டு டைகர் 70, டைகர் 80, டைகர் 90ன்னு பேர் வச்சு இறக்கினாரு. ஓடுச்சு. அப்புறம்தான் 1938 மாடலா ஸ்பீட் ட்வின், 498 சிசி, ரெண்டு சிலிண்டர், விலை 75 பவுண்டு. அந்த என்ஜினைப் பத்தி ஆயிரம் பேர் எழுதியாச்சு. எனக்குப் பேச வேண்டியது அது உடுத்திக்கிட்டு வந்த அமரந்த் ரெட்.

இந்தக் கலரை ஃபோட்டோவுல பார்த்து முடிவு பண்ணாதீங்க. நல்ல சிவப்புத் தண்டுக்கீரையை வேக வச்சா சட்டியில ஒரு நிறம் இறங்கும் பாருங்க, அதுல கொஞ்சம் அரக்கு கலந்தா எப்படியோ அப்படி. வெயில்ல நிறுத்தினா சிவப்பு, நிழல்ல தள்ளினா பழுப்பு பக்கம் போயிரும். டேங்க் கிரோம், அதுல பேனல் மட்டும் அமரந்த், ஓரத்துல தங்கக் கோடு. ரிம்முல நடுவுல பட்டையா அதே சிவப்பு, ரெண்டு ஓரமும் மெல்லிசா தங்கக் கோடு. அதோட நிறுத்தாம ஃப்ரேமும் அதே சிவப்பு, அதுதான் அந்தக் காலத்துக்குப் பெரிய விஷயம். அதுவரைக்கும் டேங்க்ல என்ன கூத்து அடிச்சாலும் ஃப்ரேம் கறுப்புங்கறது எழுதாத சட்டம் மாதிரி இருந்துச்சு. அடுத்த வருஷமே டைகர் 100 சில்வர்ல வந்துச்சு. அப்புறம் 1940 நவம்பர் 14 ராத்திரி ஜெர்மன்காரன் கவன்ட்ரி மேல குண்டு போட்டதுல ட்ரையம்ஃபோட பழைய ஃபேக்டரி தரைமட்டம். மெரிடனுக்கு மாறினது அதனாலதான், 1942ல அங்க வேலை ஆரம்பிச்சாங்க.

எங்க ஏரியாவுல ஒரு பெரியவர் இருக்காரு, எண்பது தாண்டியாச்சு, வாழ்நாள் முழுக்க பெயின்டரா இருந்தவரு. அவரு ஷெட்டுல போருக்கு அப்புறம் வந்த ஸ்பீட் ட்வின் டேங்க் ஒண்ணு வேலைக்கு வந்திருந்துச்சு. முட்டி அணைக்கிற ரப்பர் ரெண்டு பக்கமும் இருக்கும்ல, அதைக் கழட்டினாரு. ஸ்க்ரூ வந்துருச்சு, ரப்பர் வரல, ஒட்டிப்போய்க் கிடக்கு. முடி காய வைக்கிற டிரையரை மெதுவா காட்டி, பிளாஸ்டிக் பட்டை ஒண்ணை உள்ள விட்டு, பொறுமையா நெம்பி எடுத்தாரு. கீழ ரப்பரோட அதே வடிவத்துல ஒரு சிவப்பு, ஈரமா இருக்குற மாதிரி அவ்ளோ ஆழம். அதைச் சுத்தி வெளிய கிடந்த சிவப்பு வெளுத்துப்போய் செங்கல் பக்கம் வந்திருச்சு. ஒரே டேங்க், ஒரே நாள் அடிச்ச பெயின்ட், ரெண்டு கலர். அப்புறம் அதே வண்டியோட டூல் பாக்ஸ் மூடியத் திருப்பி உள்பக்கம் காட்டுறாரு, அது மூணாவதா ஒரு சிவப்பு. வெயில் படல, ஆனா எண்ணெய் குடிச்சிருக்கு. இப்போ சொல்லுங்க, கடையில போய் "அமரந்த் ரெட் ஒரு லிட்டர்"னு கேட்டா எந்தச் சிவப்பைக் குடுப்பான்? ஒவ்வொரு கடைக்காரனும் ஒவ்வொரு ஷேடு வச்சிருக்கான், எல்லா டப்பாவுலயும் அமரந்த் ரெட்னுதான் எழுதியிருக்கு.

பழைய ஃபோட்டோவைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாமேன்னு கேப்பீங்க. கறுப்பு வெள்ளை ஃபோட்டோவுல சில பழைய ஃபிலிமுக்கு சிவப்பே தெரியாது, சிவப்பைக் கறுப்பாத்தான் காட்டும், நீலத்தை வெளிறிப்போய்க் காட்டும். அப்படி ஒரு ஃபோட்டோவைப் பார்த்து "எங்க தாத்தா வண்டி கறுப்புதான்"னு சாதிக்கிறவங்க இருக்காங்க, அந்த வண்டி சிவப்பா இருந்திருந்தாலும் ஃபோட்டோவுல அப்படித்தான் விழும். பெரியவர் சொல்ற வழி நேரானது, ரப்பருக்குக் கீழ, டேங்க் பேட்ஜுக்குக் கீழ, ஹெட்லைட் கூட்டுக்குள்ள, நம்பர் பிளேட்டுக்குப் பின்னாடி பாரு, அங்க இருக்குறதுதான் சாட்சின்னுவாரு. பார்த்துட்டு கலர் கலக்கும்போது டியூப்லைட்ல ஒத்துப்போறது வெயில்ல ஒத்துப்போகாது, ஏன்னா பழைய பெயின்ட்ல போட்ட நிறமி வேற, இப்போ போடுற நிறமி வேற, வெளிச்சம் மாறினா ரெண்டும் வேற வேற மாதிரி நடந்துக்கும். அதனால கலக்கின பெயின்டை வெளிய கொண்டு வந்து பகல் வெளிச்சத்துல ஒருக்கா பார்க்காம அவரு ஸ்ப்ரே கன்னைத் தொட மாட்டாரு.

போர்க்காலத்துக்கு வருவோம். ராணுவ வண்டின்னா பச்சைதான்னு சினிமா பார்த்து நினைச்சுக்கிறோம். பி.எஸ்.ஏ எம்20 மட்டும் 1,26,000 வண்டிக்குப் பக்கமா போட்டிருக்காங்க, நார்ட்டன் 16எச், மாட்ச்லெஸ் ஜி3எல்னு மத்ததும் ஏகப்பட்டது. ஆரம்பத்துல காக்கிப் பச்சை. அப்புறம் பச்சை நிறமிக்கு வேணும்ங்கற குரோமியம் ஆக்சைடுக்குத் தட்டுப்பாடு, அதனால 1942 வாக்குல ஒரு பழுப்புக்கு மாத்திட்டாங்க, எஸ்.சி.சி 2ன்னு நம்பர். 1944ல அமெரிக்கக்காரன் வண்டியோட ஒத்துப்போற ஆலிவ் கலர் வந்துச்சு, அது எஸ்.சி.சி 15. விமானப்படை வண்டின்னா நீலம் கலந்த சாம்பல். ஆக ஒரு எம்20 எந்த வருஷத்துதுன்னு தெரிஞ்சா கலர் பாதி தெரிஞ்ச மாதிரி. போர் முடிஞ்சதும் ராணுவம் இதையெல்லாம் ஏலத்துல விட்டுச்சு, டீலருங்க வாங்கி மேல கறுப்பு அடிச்சு பொதுஜனத்துக்கு வித்தாங்க. இப்போ அந்தக் கறுப்பைச் சுரண்டினா உள்ள பழுப்பு வரும், அதையும் சுரண்டினா பச்சை வந்தாலும் வரும். இதுல எது ஒரிஜினல்? எனக்குக் கேட்டா மூணும்தான். ஒவ்வொண்ணும் அந்த வண்டி வாழ்க்கையில ஒரு காலம்.

அடுத்து சொல்லப்போறதுதான் ரெஸ்டோர் பண்ற ஆளுங்களுக்கு வயித்தெரிச்சல் குடுக்குற விஷயம். கிரோம் பூசணும்னா அதுக்குக் கீழ நிக்கல் பூசணும். 1950ல கொரியா போர் ஆரம்பிச்சதும் நிக்கல் எல்லாம் ஆயுதத்துக்குப் போயிருச்சு, கம்பெனிங்களுக்குக் கட்டுப்பாடு போட்டுட்டாங்க. விளைவு, 1951, 52 மாடல் வண்டிங்க பலதுல கிரோம் வர வேண்டிய இடத்துல பெயின்ட்தான் வந்துச்சு. டேங்க் ஓரம் பெயின்ட், ரிம் சில்வர் பெயின்ட், சின்னச் சின்ன சாமானுக்கு மங்கலா கேட்மியம் பூச்சு. இப்போ 1952 வண்டி ஒண்ணை எடுத்து லட்சக்கணக்குல செலவு பண்ணி ரிம், டேங்க் எல்லாம் கண்ணாடி மாதிரி கிரோம் போட்டு ஷோவுக்குக் கொண்டு வர்றாங்க. பார்க்குறதுக்கு ஜோராத்தான் இருக்கு. ஆனா அந்த வருஷம் ஃபேக்டரி கேட்டைத் தாண்டி வந்த வண்டிங்க பலதும் அப்படி இருந்திருக்காது. அந்த மங்கல் சில்வர் ரிம்முல அந்தக் காலத்து உலக அரசியலே இருக்கு, அதைக் கிரோம் போட்டு மூடிடறோம்.

பஞ்ச காலத்துல சில நல்ல கலரும் வந்துச்சு, மறுக்கல. பி.எஸ்.ஏ பான்டம், 1948, 123 சிசி, ஜெர்மன்காரனோட டி.கே.டபிள்யூ டிசைனைப் போர் நஷ்ட ஈடா எடுத்துப் பண்ணினது. ஃப்ரேமுலருந்து மட்கார்டு வரைக்கும் மிஸ்ட் க்ரீன்னு ஒரு வெளிர் பச்சை, டேங்க்ல மட்டும் தந்த நிறத்துல பேனல். வேலைக்குப் போற சாதாரண ஆளோட வண்டி, ஆனா இன்னிக்கு முழுக்க அதே கலர்ல சுத்தமா ஒரு பான்டம் பார்த்தா பக்கத்துல நிக்கிற பெரிய வண்டிங்க எல்லாம் எடுபடாது, என் கண்ணுக்கு அப்படி. தபால் துறைக்குப் போனது அவங்க சிவப்புல, தந்தி கொண்டு போற பசங்க ஓட்டினது. அதே மிஸ்ட் க்ரீனை பி.எஸ்.ஏ கையில இருந்த சன்பீம் எஸ்7 டீலக்ஸுக்கும் அடிச்சாங்க. ஜான் மார்ஸ்டன் இருந்திருந்தா என்ன சொல்லியிருப்பாரோ தெரியல, கறுப்புக்குன்னே பொறந்த பேரு அது. 1950ல வந்த பி.எஸ்.ஏ கோல்டன் ஃப்ளாஷ் தங்கம் கலந்த ஒரு பழுப்பு, அதுவும் ஃப்ரேம் உட்பட. ராயல் என்ஃபீல்டும் சும்மா இல்ல, மீட்டியார் 700க்கு காப்பர் பீச்னு மினுக்குற செம்புப் பழுப்பு அடிச்சாங்க. பேரு பாலிக்ரோமாட்டிக், அதாவது பெயின்ட்லயே பொடி உலோகம் கலந்தது, நாம இப்போ மெட்டாலிக்னு சொல்றோமே அதோட அப்பன்.

சரி, ஆரஞ்சு கதை. 1956ல அமெரிக்காவுல உப்புப் பாலைவனத்துல ட்ரையம்ஃப் என்ஜின் வச்ச நீளமான ஒரு வண்டிய ஜானி ஆலன் மணிக்கு 214 மைல் ஓட்டினாரு. அந்த இடத்தோட பேரையே வச்சு 1959 மாடலா இறங்கினது டி120 பானவில். ரெண்டு கார்புரேட்டர், 649 சிசி, அமெரிக்கக்காரன் வேகம் கேக்குறான்னு அவனுக்காகவே பண்ணின வண்டி. அதுக்குக் குடுத்த கலர் என்ன தெரியுமா, டேங்க்ல பாதி டேன்ஜரின்ங்கற ஆரஞ்சு, பாதி பேர்ல் க்ரேங்கற சாம்பல். மட்கார்டுல சாம்பல், நடுவுல ஆரஞ்சுப் பட்டை, தங்கக் கோடு. முன்னாடி ஹெட்லைட்டை மூடி ஒரு பெரிய கூடு, தண்ணி தெறிக்காம இருக்க அகலமான மட்கார்டு. பேரு ரேஸ் மைதானம், உடுப்பு குடும்பஸ்தன். அமெரிக்க டீலருங்க தலையில கைய வச்சிட்டாங்க, வண்டி ஷோரூம்லயே நின்னுச்சு. சீசன் பாதியிலயே அவசரமா ஆரஞ்சைத் தூக்கிட்டு ராயல் ப்ளூ போட்டாங்க.

இப்போ அதே டேன்ஜரின் வண்டி விலைக்கு வந்தா சண்டை போட்டு வாங்குறாங்க. அன்னிக்கு வாங்க ஆளில்லாததாலதான் இன்னிக்குக் குறைச்சலா இருக்கு, குறைச்சலா இருக்குறதால விலை. சோகம் என்னன்னா, அன்னிக்கு வாங்கின சிலர் பிடிக்காம நீலமோ சிவப்போ அடிச்சிருக்காங்க. இன்னிக்கு நீலமா பொறந்த 59 மாடலையும் சுரண்டி ஆரஞ்சு அடிக்கிறாங்க, ஏன்னா ஆரஞ்சுக்குத்தான் மவுசு. பார்க்குறவன் கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணுதான், என்ஜின் நம்பரை வச்சு ஃபேக்டரி ரெஜிஸ்டர்ல தேடினாத்தான் எந்தத் தேதியில வெளிய போன வண்டின்னு புடிக்க முடியும். பிரிட்டன்ல விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்காரங்ககிட்ட பழைய கம்பெனிங்களோட ரெஜிஸ்டர் நிறைய இருக்கு, காசு கட்டினா பார்த்துச் சொல்லுவாங்க. வாங்குறதுக்கு முன்னாடி அந்தக் காசைச் செலவு பண்ணுங்க, பஞ்சப்பாட்டு பாடாதீங்க.

அறுபதுகள்ல வந்த கலருங்களுக்குத் தனி அழகும் தனி தலைவலியும் உண்டு. இதே பானவில்லுக்கு 1967ல ஆபர்ஜீன்னு கத்திரிக்காய் நிறம், 68ல ஹை-ஃபை ஸ்கார்லெட்டும் சில்வரும், 69ல ஒலிம்பிக் ஃப்ளேம். இதுல சிலதோட வேலைமுறை என்னன்னா முதல்ல சில்வரோ தங்கமோ ஒரு அடிப்பூச்சு, அதுக்கு மேல கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியுற கலர், அதுக்கும் மேல லேக்கர். வெளிச்சம் உள்ள போய் அடிப்பூச்சுல பட்டுத் திரும்பி வர்றதால அந்த ஜொலிப்பு. ஆனா மேல அடிக்கிற கலரை ஒரு தடவை கூடுதலா அடிச்சா ஒரு ஷேடு இருட்டாயிரும், குறைச்சு அடிச்சா வெளிறிரும். திங்கக்கிழமை காலையில அடிச்சவன் கையும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அடிச்சவன் கையும் ஒண்ணா இருந்திருக்குமா? இல்லவே இல்ல. அந்தக் காலத்துலயே ஷோரூம்ல ரெண்டு வண்டிய ஒட்டி நிறுத்தினா வித்தியாசம் தெரிஞ்சிருக்கும். வெயில்ல அந்த ஊடுருவுற கலர் சீக்கிரம் வெளுக்கவும் செய்யும். இப்போ கலர் கோடு நம்பர் வச்சுக்கிட்டு "உன்னுது ரெண்டு பாயின்ட் இருட்டு"ன்னு மார்க் குறைக்கிற ஜட்ஜுங்களைப் பார்த்தா எனக்குச் சிரிப்புதான் வரும்.

என்ஜினுக்கே கறுப்பு அடிச்ச ஆளுங்களையும் சொல்லிடறேன், இல்லன்னா வின்சென்ட் பைக் ரசிகருங்க கோவிச்சுக்குவாங்க. 1948ல வந்த பிளாக் ஷாடோ, ஸ்டீவனேஜ்ல பண்ணினது. அதோட தம்பி ரேப்பிடுல அலுமினிய என்ஜின் வெள்ளையா அப்படியே இருக்கும், ஷாடோவுல அதே என்ஜின் கறுப்பு. அலுமினியத்துல பெயின்ட் சும்மா ஒட்டாது, அதுக்கு பைலுமின்னு ஒரு ரசாயனக் குளியல் குடுத்து அப்புறம் கறுப்பு எனாமல் அடிச்சு சுட்டாங்க. ரெண்டு மாடலுக்கும் விலை வித்தியாசம் எக்கச்சக்கம்ங்கறதால ரேப்பிடுக்குக் கறுப்பு அடிச்சு ஷாடோன்னு தள்ளுற வேலையும் நடக்குது. அங்கயும் நம்பர்தான் காட்டிக்குடுக்கும், கலரை நம்பி இறங்கினா போச்சு.

கோடு போடுற வேலைய மட்டும் கிட்ட நின்னு பார்க்கணும். பெரியவர் வச்சிருக்குற பிரஷுல முடி விரல் நீளத்துக்கு இருக்கும், அந்த முடி முழுக்க பெயின்ட் குடிச்சாத்தான் ஒரே இழுப்புல டேங்கோட இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடிக்குப் போகலாம். சுண்டு விரலை டேங்க் விளிம்புல ஊணிக்கிட்டு, பிரஷைக் கிட்டத்தட்ட படுக்க வச்சு, மூச்சை அடக்கி இழுப்பாரு. கோடு ஆரம்பிச்ச இடமும் முடிஞ்ச இடமும் சேருற எடத்துல ஒரு முடி அளவுக்குத் தடிமன் கூடியிருக்கும். அதைத் தேடிப் பார்க்கணும், அது இருந்தா கைவேலை, இல்லாம ஒரே சீரா இருந்தா ஸ்டிக்கர். நம்ம ஊருக்கும் இதுக்கும் நிஜமாவே ஒரு சொந்தம் இருக்கு. 1955ல மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெட்டிச்சுல இருந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா ஆரம்பிச்சு, திருவொற்றியூர்ல ஃபேக்டரி போட்டாங்க. வண்டியோட சேர்ந்து அந்தக் கைக்கோடும் வந்துச்சு. ரெட்டிச்சு ஃபேக்டரி அறுபத்தேழுலயே கடையைக் கட்டிருச்சு, ஆனா சென்னையில டேங்க்ல கையால கோடு போடுறது அதுக்கப்புறமும் பல வருஷம் ஓடுச்சு. 2017ல என்ஃபீல்டு கிளாசிக்ல ரெட்டிச்சு ரெட், ரெட்டிச்சு க்ரீன், ரெட்டிச்சு ப்ளூன்னு விட்டாங்களே, அது ஐம்பதுகள்ல அங்க அடிச்ச கலரோட சாயல்தான். ஃபேக்டரி போன அப்புறமும் அந்த ஊர்ப் பேரு நம்ம ரோட்டுல டப டபன்னு ஓடுது.

மெயில்ல நிறைய பேர் கேக்குறது, வீட்டுல அப்பாவோட பழைய வண்டி கிடக்கு, பெயின்ட் அடிக்கலாமா வேணாமான்னு. என் பதில், பழைய பெயின்ட் பாதிக்கு மேல உயிரோட இருந்தா தொடாதீங்க. மண்ணெண்ணெய்ல துணிய நனைச்சு அழுக்கை எடுங்க, மெழுகு போடுங்க, துரு இருக்குற இடத்துல மட்டும் துருவை நிறுத்துங்க. 2016 ஏப்ரல்ல ஸ்டாஃபோர்டு ஏலத்துல, கார்ன்வால்ல பாட்மின் மூர் பக்கம் ஐம்பது வருஷத்துக்கு மேல மூட்டை முடிச்சுக்குக் கீழ கிடந்த, பிரஃப் சுப்பீரியர்ங்கற பழைய பிரிட்டிஷ் கம்பெனியோட 8 வண்டிங்க வந்துச்சு. துருவும் தூசியுமா, பாதி சாமான் கழண்டு கிடந்துச்சு. அதுல 1938 நாலு சிலிண்டர் வண்டி ஒண்ணு மட்டும் 3,31,900 பவுண்டுக்குப் போச்சு. துடைச்சு வச்சிருந்தாக்கூட அவ்ளோ போயிருக்குமோ என்னவோ. இன்னொரு பக்கம், பர்மிங்ஹாம் பக்கத்துல இருக்குற நேஷனல் மோட்டார் சைக்கிள் மியூசியம், 2003 செப்டம்பர்ல தீப்பிடிச்சு முந்நூறுக்கும் மேல வண்டி எரிஞ்சுது. அடுத்த வருஷக் கடைசியிலேயே திரும்பத் திறந்துட்டாங்க, எரிஞ்சதுல நிறைய வண்டிய அருமையா சரி பண்ணியும் வச்சிருக்காங்க, கைகூப்பணும் அந்த வேலைக்கு. ஆனா அந்த வண்டிங்க மேல இருந்த பழைய பெயின்ட் போனது போனதுதான்.

பெயின்ட் மொத்தமா போயிருச்சு, அடிச்சே ஆகணும்னா ஃப்ரேமுக்கு பவுடர் கோட்டிங் மட்டும் வேணாம். சீப்பா, சீக்கிரமா முடியும்தான், ஆனா தடியா பிளாஸ்டிக் ஒட்டின மாதிரி உட்கார்ந்துரும், ஃப்ரேம் நம்பர் குத்தியிருக்குற பள்ளமெல்லாம் மொழுகிப் போயிரும், வெல்டிங் ஓரமெல்லாம் உருண்டு போயிரும். அடியில தண்ணி புகுந்துச்சுன்னா வெளிய தெரியாம உள்ளயே துரு ஓடும். எனாமல் அடிங்க, கொஞ்சம் செலவானாலும் பரவால்ல.

கடைசியா ஒண்ணு சொல்லி முடிச்சிடறேன், கம்பெனி கலர்னா அது நல்ல கலராத்தான் இருக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல. 1971ல பி.எஸ்.ஏ புது மாடலெல்லாம் இறக்கும்போது ஃப்ரேமுக்கு டவ் க்ரேன்னு புறா சாம்பல் அடிச்சாங்க. பிரிட்டிஷ் என்ஜின், ஒழுகாம இருக்காது, ஒழுகுற ஒவ்வொரு சொட்டும் அந்த வெளிர் சாம்பல்ல கோடு கோடா தெரியும். ரோட்டுச் சேறு, செயின் எண்ணெய் எல்லாம் அதுல பளிச்சுனு. அடுத்த வருஷமே கறுப்புக்கு ஓடிட்டாங்க, வாங்கினவங்களும் நிறைய பேர் வீட்டுலயே கறுப்பு அடிச்சுக்கிட்டாங்க, நியாயமான காரியம். இப்போ அந்தக் கறுப்பைச் சுரண்டித் திரும்ப சாம்பல் அடிக்க ஆளுங்க வரிசையில நிக்கிறாங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் போன மாசம்தான் முடிச்சாரு, முதல் ஞாயித்துக்கிழமையே ரைடு போயிட்டு வந்து துணியும் கையுமா உட்கார்ந்திருக்காரு.